ஆங்கில வினையீற்றுப் புணர்ச்சி: டயகம மாணவர் பொருட்டு ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஆங்கில வினைச்சொல் ஓர் ஈற்றை ஏற்கும்போது எழுத்தளவில் அடையும் மாற்றங்களே இவ்வாய்வின் பொருள். ஈறுகள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: தொடர்வினை காட்டும் ‘இங்’, இறந்தகாலம் காட்டும் ‘எட்’, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை காட்டும் ‘எஸ்’. ஈறு ஏலாமல் உள்ளுயிர் மாறி இறந்தகாலம் காட்டும் வினைகள் எல்லைக்கு வெளியே நிற்கும். ‘ரைட்’ என்பது ‘ரோட்’ ஆவது புணர்ச்சியன்று. அதே வினை ‘ரைட்டிங்’ ஆகும்போது நம் எல்லைக்குள் வந்துவிடும்.

களம் டயகம. அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்துத் தேயிலை மலைகளில் கிடக்கும் ஊர். இங்குள்ள பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் புதியன அல்ல. லயம், பெரட்டு, செக்ரோல், ஸ்டோர் எனப் பிறந்தது முதல் காதில் விழுபவை. புதியது எழுத்துத்தான். 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஆங்கிலம் பங்களாவிலும் தோட்டக் கந்தோரிலுமே தங்கியது. 1970களின் பிற்பகுதி தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தன. இன்று மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் முறையான பாடம். ஆகவே இப்பிள்ளை ஆங்கில வினையை முதலில் தமிழ் வாயால் கேட்டு, தமிழ்க் கையால் எழுதி, பிறகே ஆங்கில எழுத்தில் காண்கிறது.

இவ்வரிசையே நம் கருத்துக்கு அடிப்படை. மாணவர் செய்யும் எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதன்று. தமிழ்ப் புணர்ச்சியையும் தமிழ் எழுத்து மரபையும் பிழையின்றிக் கடைப்பிடிப்பதால் வருவது. அப்படியாயின் திருத்தமும் தமிழ் இலக்கணத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

2. சொல்வரையறை

பவணந்தி முனிவர் நன்னூலில் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என இரண்டாக்கி, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். தொல்காப்பியர் இம்மூன்றையும் மிகுதல், மெய் பிறிதாதல், குன்றல் என்றார். ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் வழியாக இப்பாகுபாடு ஈழத்துப் பாடசாலைகளில் நிலைபெற்றது. ஆங்கில இலக்கண நூல்கள் ஈறு சேர்க்கும் விதிகளைப் பட்டியலாகவே தருகின்றன. பட்டியலை மனனம் செய்யலாம். அதைக் கொண்டு காரணம் காண முடியாது. எனவே பவணந்தியாரின் பாகுபாட்டையே கைக்கொள்கிறோம்.

நிலைவினை: ஈறு சேர்வதற்கு முன் நிற்கும் வினை.

குறில், நெடில்: தமிழில் இவை மாத்திரை பற்றியவை. ஆங்கிலத்தில் அளவு பற்றியவை அல்ல. உயிரெழுத்து தன் பெயரையே ஒலித்தால் நெடில் என்கிறோம். ‘டைம்’ என்பதில் ‘ஐ’ எழுத்து ஐ என்றே ஒலிக்கிறது. பெயர் ஒலிக்காது சுருங்கினால் குறில். ‘டிப்’ என்பதில் அதே எழுத்து இகரமாகிறது.

ஊமையெழுத்து: எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்து. வினையிறுதியில் நிற்கும் ‘ஈ’ இதற்குத் தலையாயது.

காப்பொற்று: குறிலைக் காப்பதற்காக இரட்டித்து எழுதப்படும் மெய்.

அழுத்தசை: பல அசைச் சொல்லில் குரல் ஓங்கி விழும் அசை.

செவிப்புணர்ச்சி, கண்புணர்ச்சி: மாற்றம் ஒலியிலும் நிகழ்ந்தால் முன்னது, எழுத்தில் மட்டும் நிகழ்ந்தால் பின்னது. தமிழ்ப் புணர்ச்சி அடிப்படையில் செவிக்குரியது. ஆங்கில ஈற்றுப் புணர்ச்சி பெரும்பாலும் கண்ணுக்குரியது. மேல்வரும் பகுதிகள் எல்லாம் இவ்வேறுபாட்டின்மேல் நிற்பவை.

ஆங்கில எழுத்துக்களின் பெயரை மேற்கோளுக்குள் தருகிறோம். தமிழில் ‘பீ’ என்றும் ‘டீ’ என்றும் எழுதினால் ஒவ்வொன்றும் இரண்டு ஆங்கில எழுத்துக்களைக் குறிக்கும். இது தவிர்க்க முடியாத குறை. எது என்பதை எடுத்துக்காட்டுச் சொல் காட்டும்.

3. இயல்பு

எவ்வித மாற்றமும் இன்றி ஈறு ஏற்பது இயல்பு. ஆங்கில வினைகளில் பெரும்பாலானவை இவ்வகையே.

மலையிலும் ஸ்டோரிலும் நடக்கும் வேலைகளின் ஆங்கிலப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். கொழுந்தெடுப்பது ‘பிளக்’: ஈற்றில் ‘சீ’, ‘கே’ என இரண்டு மெய்யெழுத்து இருப்பதால் இயல்பு. புல்வெட்டுவது ‘வீட்’: மெய்க்கு முன் இரண்டு உயிரெழுத்து இருப்பதால் இயல்பு. கொழுந்து நிறுப்பது ‘வெய்’: இதன் கடைசி எழுத்துக்கள் ‘ஜீ’, ‘எச்’, இயல்பு. அப்பால் ஸ்டோருக்குள் வாட்டுவது ‘விதர்’, உருட்டுவது ‘ரோல்’, புளிக்க வைப்பது ‘ஃபெர்மென்ட்’, சலிப்பது ‘சிஃப்ட்’. ‘விதர்’ ஒன்று நீங்கலாக ஏனையவை ஈரொற்றில் முடிவதால் இயல்பாகின்றன. ‘விதர்’ ஓரொற்றில் முடிந்தும் இரட்டாததற்குக் காரணம் 4.3இல் வரும்.

4. தோன்றல்

4.1 விதியும் காரணமும்

ஓரசை வினை, ஒரே உயிரெழுத்தும் அதையடுத்து ஒரே மெய்யெழுத்தும் கொண்டு முடிந்து, உயிரில் தொடங்கும் ஈற்றை ஏற்றால் அம்மெய் இரட்டும். கவ்வாத்துக்குப் பின் எழும் துளிரை ஒரே மட்டத்தில் கிள்ளுவது ‘டிப்’. அது ‘டிப்பிங்’, ‘டிப்ட்’ ஆகையில் ‘பீ’ இரண்டாகும். நிழல் மரத்தின் கிளை தறிப்பது ‘லொப்’, தேயிலையைக் கப்பலேற்றுவது ‘ஷிப்’, இவையும் அவ்வாறே. ‘எஸ்’ ஈறு மெய்யாதலின் அதன்முன் இரட்டல் இல்லை.

இதைப் படிக்கும் தமிழ் மாணவருக்கு ஒரு பழைய விதி நினைவுக்கு வரவேண்டும். தனிக்குறிலை அடுத்து நின்ற ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது நன்னூல். கல் + எறிந்தான் = கல்லெறிந்தான்; மண் + அள்ளினான் = மண்ணள்ளினான். நெடிலை அடுத்தால் இரட்டாது: வேர் + அறுத்தான் = வேரறுத்தான். குறில், ஓரொற்று, உயிர்முதல் என நிபந்தனை மூன்றும் இரு மொழிக்கும் ஒன்றே. இரட்டாத எழுத்துக்கள் இருப்பதிலும் ஒற்றுமை உண்டு. தமிழில் ர, ழ இரட்டுவதில்லை. ஆங்கிலத்தில் ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’, ‘வை’ இரட்டுவதில்லை.

வேற்றுமை ஒன்றே, ஆனால் பெரியது. கல்லெறிந்தான் என்னும்போது இரண்டு லகரமும் செவியில் விழுகின்றன. ‘டிப்பிங்’ என ஆங்கிலேயர் சொல்லும்போது ஒரே பகரந்தான் ஒலிக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரட்டல் செவிக்குரியதாகவே இருந்தது. பழைய ஆங்கிலம் இரட்டை மெய்யை நீட்டி ஒலித்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அந்நீட்சி மறைந்தது, எழுத்து மட்டும் எஞ்சியது. எஞ்சிய எழுத்து முன்னுள்ள உயிர் குறில் என்று காட்டும் அடையாளமாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் ஓர்ம் என்னும் துறவி ‘ஓர்முலம்’ என்ற தம் நூலில் மூடிய அசைகளில் குறிலுக்குப் பின் மெய்யை விடாது இரட்டித்து எழுதினார். பிற்காலத்தார் அவர் அளவுக்குப் போகவில்லை. அவர் கண்ட பயனை மட்டும் வைத்துக்கொண்டனர்.

அப்பயனை இவ்வாறு வரையறுக்கலாம்: இரண்டு உயிரெழுத்துக்கிடையே ஓரொற்று நின்றால் முன்னுயிர் நெடில், ஈரொற்று நின்றால் குறில். இதை அடிவிதி என்போம். ‘ஹொப்’ (தத்து) இரட்டும், ‘ஹோப்’ (நம்பு) இரட்டாது. ‘பிளான்’ (திட்டமிடு) இரட்டும், ‘பிளேன்’ (மரம் இழை) இரட்டாது. காப்பொற்றை விட்டால் திட்டமிட்டவர் மரம் இழைத்தவராகிவிடுவார்.

4.2 பிழை பிறக்கும் இடம்

இப்பகுதியில் சற்றே நின்று பார்க்கவேண்டும். நாம் கண்ட பயிற்சி ஏடுகளில் பிழைகள் இரண்டு திசையில் செல்கின்றன. ஒன்று மிகை: ‘ரைட்டிங்’, ‘வெயிட்டிங்’, ‘மேக்கிங்’ ஆகியவற்றில் வேண்டாத இரட்டல். மற்றது குறை: ‘பிளானிங்’, ‘ஸ்கேனிங்’ ஆகியவற்றில் வேண்டிய இரட்டல் இல்லாமை. ஒரே மாணவர் ஒரே பக்கத்தில் இரண்டையும் செய்கிறார். விதி தெரியாமை என்றால் பிழை ஒரு பக்கமே சாயும். எனவே காரணம் வேறு.

மிகையின் காரணம் வல்லினம். தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் டகரம் அதிர்ந்து ஒலிக்கும்; பாடு, ஓடு என்பவற்றைப் பார்க்க. அதிராது வலிந்து ஒலிக்கவேண்டின் இரட்டித்தே எழுதவேண்டும்: பாட்டு, ஓட்டு. ககரமும் பகரமும் இவ்வாறே. ஆகவே ‘ரைட்’ என்ற சொல் ‘இங்’ ஏற்கையில் தமிழ்க் கை ‘ரைட்டிங்’ என்றே எழுதும். ‘ரைடிங்’ என்றால் குதிரையேற்றமாகும். கேட்டு, ரோட்டு, லைட்டு எனத் தோட்டத்துப் பேச்சில் வழங்கும் சொற்களிலெல்லாம் நெடிலுக்குப் பின்னும் இரட்டல் நிற்கிறது. தமிழில் வல்லின இரட்டல் அம்மெய்யின் வன்மையைக் காட்டுவது. ஆங்கில இரட்டல் முன்னுயிரின் குறுக்கத்தைக் காட்டுவது. வடிவம் ஒன்று, வேலை இரண்டு. மாணவர் தமிழ் வேலையை ஆங்கில எழுத்துக்குக் கொடுத்துவிடுகிறார்.

குறையின் காரணம் உயிர். ‘பிளான்’, ‘பேக்’ என்னும் சொற்களில் உள்ள ஆங்கிலக் குறிலுக்குத் தமிழில் எழுத்தில்லை. ஒன்றில் ஆகாரத்தாலும் மற்றதில் ஏகாரத்தாலும் எழுதுகிறோம், இரண்டும் நெடில். நெடிலுக்குப் பின் மெல்லினமோ இடையினமோ வந்தால் இரட்டிக்கத் தமிழ்க் கைக்குக் காரணம் இல்லை. எனவே ‘பிளானிங்’ ஒற்றை னகரத்தோடு நின்று, ஆங்கிலத்திலும் ஒற்றை ‘என்’ ஆகிறது. சிங்கள எழுத்தில் இவ்வுயிருக்குக் குறிலும் நெடிலும் தனித்தனியே உண்டு. சிங்களம் படிக்கும் டயகமப் பிள்ளைக்கு ஆசிரியர் அவ்வெழுத்தைக் காட்டி விளக்கலாம். அண்டை மொழி பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று. ஒகரக் குறில் பற்றி இலங்கைத் தமிழர் கவலைப்படவேண்டியதில்லை. தமிழ்நாட்டார் டாக்டர் என எழுதும் இடத்தில் நம் ஏடுகள் டொக்டர் என எழுதுவன. குறில் நம் எழுத்திலேயே தெரிவதால் ‘லொப்’, ‘ஹொப்’ போன்ற வினைகளில் நம் மாணவருக்கு வழி நேராகிறது.

ஆதலால் கற்பிக்கும் முறையில் ஒரு மாற்றம் கோருகிறோம். சொல்லைத் தமிழில் எழுதிக்காட்டி இரட்டலை விளக்குவது கூடாது. நிலைவினையின் ஆங்கில எழுத்துக்களையே பார்த்து, ஓருயிர் ஓரொற்றா என்று எண்ணச் செய்யவேண்டும். ‘ரைட்’ என்பதில் ‘டீ’க்குப் பின் ஊமை ‘ஈ’ நிற்கிறது. எண்ணிக்கை அங்கேயே தவறுவதால் இரட்டலுக்கு இடமில்லை.

4.3 பல அசை வினைகள்

ஈரசையும் அதற்கு மேலும் உடைய வினைகளில் இறுதி அசை அழுத்தசையாக இருந்தாலே மெய் இரட்டும். ‘அட்மிட்’, ‘பிகின்’, ‘ஒக்கர்’ இரட்டும். ‘விதர்’, ‘ஓபன்’, ‘விசிட்’ இரட்டா. அவற்றில் அழுத்தம் முதலசையில். அழுத்தம் விழாத உயிர் மங்கி ஒலிப்பது; காக்கப்படவேண்டிய தெளிவான குறில் அங்கே இல்லாததால் காப்பொற்றும் இல்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘போர்ன் டு லேபர்’ என்னும் நூல் 1970இல் வந்தது. அத்தலைப்பின் கடைச்சொல் இவ்வகையதே: அழுத்தம் முன்னசையில், பின்னசையில் இரண்டு உயிரெழுத்து, ஆகவே இரு காரணத்தாலும் இயல்பு.

தமிழில் அழுத்தம் சொற்பொருளைப் பிரிப்பதில்லை. ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்று நாம் சொல்லும்போது எல்லா அசையும் ஒரு நிகராகவே வரும். அழுத்தத்தைக் கேட்டு எழுதச் சொல்வது நம் மாணவரிடம் இல்லாத கருவியைக் கேட்பதாகும். மாற்று வழி ஒன்று உண்டு. இத்தகைய வினைகளில் மிகப்பல லத்தீன் வழி வந்த அடிகளால் முடிபவை: ‘ஃபர்’, ‘மிட்’, ‘பெல்’, ‘கர்’. இவ்வடிகளில் முடியும் வினை பொதுவாக இரட்டும்: ‘ரெஃபர்’, ‘ப்ரிஃபர்’, ‘ட்ரான்ஸ்ஃபர்’, ‘பர்மிட்’, ‘சப்மிட்’, ‘கம்பெல்’, ‘இன்கர்’. விலக்குச் சிலவே: ‘ஒஃபர்’, ‘டிஃபர்’, ‘சஃபர்’, ‘லிமிட்’, ‘வொமிட்’. ‘எக்விப்’, ‘க்விட்’ போன்றவற்றில் ‘கியூ’வை அடுத்த ‘யூ’ மெய்யாகவே எண்ணப்படும். எனவே இவையும் இரட்டும்.

5. கெடுதல்

ஊமை ‘ஈ’யில் முடியும் வினை, உயிர்முதல் ஈறு வரின் அவ்வெழுத்தை இழக்கும். கவ்வாத்து வெட்டுவது ‘புரூன்’. ‘புரூனிங்’ ஆகையில் ‘ஈ’ இல்லை. தரம் பிரிப்பது ‘கிரேட்’, அவ்வாறே. ‘எட்’ ஈற்றில் இரண்டு ‘ஈ’ சந்திப்பதால் ஒன்று கெட்டு ஒன்று நிற்கும்.

கொழுந்து + எடுத்தாள் = கொழுந்தெடுத்தாள் என்பதில் குற்றியலுகரம் கெடுகிறது. பசு + அழகு என்பதில் முற்றியலுகரம் கெடாமல் வகர உடம்படுமெய் பெற்றுப் பசுவழகு ஆகிறது. கெடுவதற்கு உரியது நிறைவாக ஒலியாத உயிரே. ஆங்கிலத்திலும் இதுவே நிலை. ஊமை ‘ஈ’ கெடும். ஒலிக்கும் இரட்டை ‘ஈ’யில் முடியும் ‘சீ’ (காண்), ‘அக்ரீ’ (இசை) ஆகியவை ‘இங்’ வரினும் எழுத்து இழப்பதில்லை.

ஊமையெழுத்து கெட்ட பின் முன்னுயிரின் நெடுமையைக் காப்பது எது? அடிவிதியே விடை. ஈற்றின் ‘ஐ’ உயிராதலால், ஓரொற்று இரண்டு உயிருக்கிடையே நிற்கிறது. நெடில் தானே நிலைக்கிறது. ஊமை ‘ஈ’ செய்த வேலையை ஈற்றின் முதலெழுத்து ஏற்றுக்கொள்கிறது. எனவே 4ஆம் பகுதியின் இரட்டலும் 5ஆம் பகுதியின் கெடுதலும் தனித்தனி விதிகள் அல்ல, ஒரே அடிவிதியின் இரு செயல்கள். கவிஞர் சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் இறுதி ‘ஈ’ பெரும்பாலும் ஒலித்தது. பின்னர் ஊமையாகி நெடிற்குறியாக எஞ்சியது. 1582இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்னும் பாடசாலை ஆசிரியர் தம் நூலில் இப்பயனை எடுத்துரைத்தார்.

விலக்குகளில் இரண்டு வகை கவனிக்கத்தக்கவை. ‘கிவ்’, ‘லிவ்’, ‘ஹேவ்’ என்பன குறில் உடையவை, ஆயினும் ‘ஈ’யில் முடிகின்றன. ‘வீ’ எழுத்தில் சொல்லை முடிப்பதை ஆங்கில எழுத்துமரபு ஒதுக்கியதே இதற்குக் காரணம். இங்கு ‘ஈ’ நெடிற்குறி அன்று. கெடும்போது வழக்கப்படியே கெடும். மற்றது பொருள் மயக்கம் நீக்குவது. ‘டை’ என்ற ஒலியில் சாவதும் சாயமேற்றுவதும் உண்டு. சாயமேற்றுவது ‘இங்’ ஏற்கையில் ‘ஈ’யை விடாது. தீய்ப்பதாகிய ‘சிஞ்ஜ்’ என்பதும் விடாது, விட்டால் பாடுவதாகிவிடும். மண் கொத்துவதாகிய ‘ஹோ’ என்பதில் ‘ஓ’வை அடுத்து நிற்பதால் ‘ஈ’ நிலைக்கிறது.

6. திரிதல்

மெய்யை அடுத்த ‘வை’யில் முடியும் வினை, ‘எட்’ ஈற்றின்முன் ‘வை’யை ‘ஐ’யாகத் திரிக்கும், ‘எஸ்’ ஈற்றின்முன் ‘ஐ’யாகத் திரித்து ‘ஈ’யும் பெறும். ஸ்டோரில் உலர்த்துவது ‘ட்ரை’, சுமப்பது ‘கேரி’, இரண்டும் இவ்வாறே. உயிரை அடுத்த ‘வை’ திரியாது: மருந்தடிப்பதாகிய ‘ஸ்ப்ரே’, தங்குவதாகிய ‘ஸ்டே’. ‘பே’, ‘லே’, ‘சே’ மூன்றும் ‘எட்’ ஈற்றில் மட்டும் தம்போக்கில் திரியும்.

தமிழில் பல் + பொடி பற்பொடி ஆகும்போது ஒலியே மாறுகிறது. இங்கே ஒலி மாறுவதில்லை. இது முழுமையான கண்புணர்ச்சி. பழைய எழுத்தாளர் இவ்விரு எழுத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவந்தனர். நாளடைவில் சொல்லிறுதியில் ‘வை’, சொல்நடுவில் ‘ஐ’ என்ற பங்கீடு படிந்தது. ஈறு சேர்ந்ததும் ‘வை’ இறுதியில் இல்லை, நடுவுக்கு வந்துவிட்டது. ஆகவே ‘ஐ’ ஆயிற்று. ‘இங்’ முன் ஏன் திரியவில்லை என்பதற்கும் விடை அங்கேயே: திரிந்தால் இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து நிற்கும், ஆங்கிலம் அதை ஏற்காது. ‘ஐ’யிலேயே முடியும் ‘ஸ்கீ’, ‘டாக்சி’ போன்ற வந்தேறு சொற்களில் மட்டும் அக்காட்சியைக் காணலாம்.

இவ்வெறுப்பே ‘டை’ (சா), ‘லை’ (பொய் சொல்), ‘டை’ (கட்டு) ஆகியவற்றையும் ஆள்கிறது. இவை ‘ஐ’, ‘ஈ’ என முடிபவை. ‘இங்’ வர, முதற்கண் ‘ஈ’ கெடும், எஞ்சிய ‘ஐ’ ஈற்றின் ‘ஐ’யோடு மோதும், மோதலைத் தவிர்க்க ‘வை’யாகத் திரியும். மரம் + அடி என்பதில் மகரம் கெட்டு, வகரம் தோன்றி, மரவடி ஆவது போல இங்கும் விகாரம் இரண்டு படியில் நிகழ்கிறது.

7. செவிக்கு எஞ்சியவை

ஆங்கில ஈற்றில் செவிப்புணர்ச்சி அடியோடு இல்லை என்று கொள்ளலாகாது. ‘கிரஷ்’, ‘ஃபிக்ஸ்’, ‘பாஸ்’ முதலிய சீறொலி வினைகள் ‘எஸ்’ ஏற்கையில் இடையில் ஓர் உயிர் பெற்று ‘கிரஷஸ்’ என ஒலிக்கும். எழுத்திலும் ‘ஈ’ தோன்றும்.

‘எட்’ ஈறு மூன்று வகையாக ஒலிக்கும்: ‘பிளக்ட்’ என்பதில் வலிந்தும், ‘புரூண்ட்’ என்பதில் அதிர்ந்தும், ‘சிஃப்டெட்’ என்பதில் தனியசையாகவும். தமிழ் தன் இறந்தகால இடைநிலைகளை ஒலிக்கேற்ப த், ட், ற், இன் என வெவ்வேறாக எழுதுகிறது: செய்தான், உண்டான், தின்றான், பாடினான். ஆங்கிலம் மூன்றொலிக்கும் ஒரே வடிவம் வைத்தது. எனவே மாணவர் கேட்டபடி ‘டீ’ மட்டும் எழுதுவது இயல்பே. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சிலும் ‘ஸ்டொப்ட்’ என்பதை அப்படி எழுதியவர்கள் உண்டு.

8. எச்சம்

‘சீ’யில் முடியும் ‘பேனிக்’, ‘மிமிக்’ முதலியன ‘கே’ பெறும். ‘சீ’க்குப் பின் ‘ஐ’யோ ‘ஈ’யோ வந்தால் அது சகரமாக ஒலிக்கும், ககரத்தைக் காக்கவே ‘கே’ தோன்றுகிறது. இதுவும் காப்பொற்றே, காப்பது மட்டும் உயிரையன்று.

‘எல்’லில் முடியும் ‘ட்ராவல்’, ‘லேபல்’, ‘கேன்சல்’ ஆகியவை அழுத்தம் இறுதியில் இல்லாதிருந்தும் பிரித்தானிய வழக்கில் இரட்டும். ‘வொர்ஷிப்’, ‘கிட்னப்’ என்பவற்றுக்கும் பிரித்தானியர் இவ்விலக்கை நீட்டினர். இது 4.3இன் விதிக்கு முரண். ஒலியில் காரணம் தேடிப் பயனில்லை, வழக்கு என்றே கொள்ளவேண்டும். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி வழி வந்த மரபு விதியின் பக்கம் நின்று ஒரே ‘எல்’ எழுதும். இலக்கண முறையில் பார்த்தால் வெப்ஸ்டர் மரபே ஒழுங்குடையது. ஆயினும் இலங்கைப் பாடநூல்கள் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுவதால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் டயகம மாணவர் இரண்டு ‘எல்’ எழுதுவதே தக்கது. கைத்தொலைபேசி ஒற்றை ‘எல்’லைக் காட்டினால் அது அமெரிக்க வழக்கு என அறிந்துகொள்ள வேண்டும், பிழையென்று கருதவேண்டாம், ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலப்பதே பிழை.